சுராங்கனியின் பூர்வீகம்

அண்மையில் காட்டுப்பாக்கத்துத் திருமண மண்டபமொன்றில் மெல்லிசைக் குழுவினர் ‘சுராங்கனி’யைத் தொடங்கியதும், பந்திக்குக் காத்திருந்தவர்களெல்லாம் எழுந்து ஆடினர். மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும் சிங்களப் பாட்டு அது. சொற்பொருள் பற்றி அங்கே எவருக்கும் கவலையில்லை. கவலையின்மையே இவ்வகைப் பாடலின் இலக்கணம் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அமெரிக்காவில் இதற்கோர் இணையுண்டு. அந்நாட்டுக் கிராமிய மரபான ‘கன்ட்ரி’ இசையோடு கரீபியத் தீவுகளின் தாளத்தைக் குழைத்துக் கடற்கரைச் சோம்பலைப் பாடியவர் ஜிம்மி பஃபே (1946–2023). அவருடைய புகழ்பெற்ற ‘மார்கரிட்டாவில்’ 1977இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடிய சுராங்கனி தமிழகத்தில் ஒலித்தது.

சுராங்கனியின் தாளம் பைலா. ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர். அவர்தம் பாட்டும் ஆட்டமும் இரு சாராரிடம் தங்கின. ஒரு சாரார் மட்டக்களப்பு முதலிய இடங்களில் வாழ்ந்த பறங்கியர். மற்றவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணரப்பட்ட காப்பிரியர். இவர்கள் வழிவந்தோர் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் தம் ‘மாஞ்ஞா’ப் பாடல்களைப் பாடி வருகின்றனர். கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்டத்தின் பெயரே அவர்களைச் சுட்டுவதுதான். 1940களில் காவல்துறையிற் பணியாற்றிய வாலி பஸ்தியான் இத்தாளத்திற் சிங்களத்தில் பாடிப் பைலாவை வெகுமக்கள் இசையாக்கினார்.

தமிழில் இத்துள்ளலைக் கொணர்ந்தவர்களுள் முன்னோடி நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி மெட்டேறியது. தமிழகத் திரைப்பாடலையே பெரிதும் கேட்டுவந்த ஈழத்தமிழருக்கு, தம் வீட்டுப் பேச்சு பாட்டாகக் கேட்டது புதுமையன்றோ! அவர்கள் இதனைப் பொப்பிசை என்றனர். துள்ளிசை என்றும் கூறினர். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எனப் போற்றப்பட்ட ஏ. ஈ. மனோகரன் அவ்விசையைத் தமிழகத்திற்கும் பழக்கினார். ‘சிலோன் மனோகர்’ என்றே இங்கு அறியப்பட்ட அவர், 2018 ஜனவரி 22 அன்று சென்னையிற் காலமானார்.

1983 ஜூலை வன்செயலுக்குப் பின் ஈழத்தமிழர் பல நாடுகளுக்குச் சிதறினர். பாடல்களும் உடன்சென்றன. ஊரை இழந்தவர் செவியில் ‘சின்ன மாமியே’ வெறும் கேளிக்கையாக மட்டும் ஒலித்திருக்க இயலாது. அங்கே மாமியும் உண்டு, மாமியின் ஊரும் உண்டு.

கரீபியத் தாளத்தின் கதையும் வேறன்று. டிரினிடாட்டில் எண்ணெய்ப் பீப்பாய்களை இசைக்கருவியாக்கியவர்கள், அங்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களே. உல்லாசப் பயணி கேட்கும் தீவின் சோம்பலுக்குக் கீழே ஓய்வறியாத மனிதர்களின் உழைப்பு கிடக்கிறது.

ஆடவேண்டாம் என்பது நம் கருத்தன்று. துயரைத் துயராகவே பாடும் ஒப்பாரி ஒரு மரபு. துயருற்றோர் துள்ளலாகப் பாடியதும் மரபுதான். முன்னதைப் பாடநூலில் வைத்திருக்கிறோம். பின்னதைத் திருமண மண்டபத்தோடு விட்டுவிட்டோம்.