இசைக்கு உரை வகுத்த இசைத்தட்டுகள்

மூலநூலுக்கு உரை வேண்டும் என்பதைத் தமிழ் மரபு மறுத்ததில்லை. உரையின்றி விளங்காத பாடல்கள் உண்டு. உரையைக் கற்றுவிட்டு மூலத்தைக் கற்றதாக எண்ணிக்கொள்வோரும் உண்டு. மேலைநாட்டுச் செவ்வியல் இசைக்கு இத்தகைய உரைமரபு ஒன்று இருபதாம் நூற்றாண்டில் ஏட்டில் அன்றி ஒலிப்பதிவில் வளர்ந்தது. இசைப் பேராசிரியர்கள் தட்டிலும் நாடாவிலும் பேசினர். இசைக்கூடத்தின் வாயிலையே மிதித்தறியாத இலட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தே கேட்டனர். அவ்வுரைகள் கேட்பவரை இசையிடம் கொண்டு சேர்த்தனவா, அன்றி இசைக்கு முன்னே திரையாக நின்றனவா என்பதே அவற்றின் வரலாற்றில் எழும் கேள்வி.

தொடக்கத்தில் தட்டின் அளவே பாடத்தின் அளவை முடிவு செய்தது. 1913ஆம் ஆண்டு ஆர்தர் நிகிஷ் பெர்லின் இசைக்குழுவைக் கொண்டு பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தபோது அது எட்டுப் பக்கங்களை நிறைத்தது. ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இசை அறுந்தது. கேட்பவர் எழுந்து தட்டை மாற்ற வேண்டியிருந்தது. இக்குறையையே கல்விக்கு வாய்ப்பாக்கிக்கொண்டவர்களுள் தலையாயவர் ஆங்கிலேயரான பெர்சி ஸ்கோல்ஸ். பியானோலாவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளிலேயே விளக்கக் குறிப்புகளை அச்சிடும் முயற்சியில் 1920களில் ஈடுபட்டவர் அவர். சுருள் நகர நகர இசை ஒலிக்கும். கண்ணெதிரே அதன் உரையும் நகரும். இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட அந்தச் சுருள்களைப் போல மூலமும் உரையும் அத்தனை நெருங்கி ஓடியதொன்றைக் காண்பது அரிது.

1930களில் ஸ்கோல்ஸ், கொலம்பியா நிறுவனத்துக்காக இசை வரலாற்றை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு தொகுதியிலும் இசைத்தட்டுகள். உடன் ஒரு சிறு நூல். செவியும் கண்ணும் வழியாக வரலாறு என்பது அதன் தலைப்பின் கருத்து. பழங்கருவிகளுக்கு மறுவாழ்வு தந்த ஆர்னால்டு டால்மெட்ச் அதற்கு வாசித்திருக்கிறார். மூன்று நிமிடத்தில் அடங்கும் பழம்பாடல்களும் நடன இசையும் இதில் பொலிந்தன. பெரும்படைப்புகளோ துணுக்குகளாகவே இடம்பெற முடிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு போக்குத் தலையெடுத்தது. வால்டர் டாம்ராஷ் என்னும் இசைக்குழு நடத்துநர் 1928 முதல் 1942 வரை வானொலி வழியே பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப்பாடம் நடத்தினார். சிக்மண்ட் ஸ்பேத் என்பாரோ, சிம்பொனிகளின் மெட்டுகள் நினைவில் நிற்பதற்காக அவற்றுக்குச் சொற்கள் புனைந்து 1936இல் நூலாக்கினார். ஜெர்மானியத் தத்துவவாணர் அடோர்னோ இவ்வகை முயற்சிகளைக் கடுமையாகச் சாடினார். மெட்டை அடையாளம் கண்டு பெயர் சொல்லக் கற்றவன் இசையைக் கேட்கக் கற்றவன் ஆகான் என்பது அவர் வாதத்தின் சாரம். டாம்ராஷைப் பற்றிய அவரது நீண்ட ஆய்வு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை, 1994இல்தான் வெளிவந்தது. அடோர்னோவின் தொனியில் மேட்டிமை மிகுதி. எனினும் குற்றச்சாட்டைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. யாப்பின் பெயரைச் சொல்லத் தெரிந்தவரெல்லாம் கவிதையைச் சுவைத்தவர் ஆவரோ?

1948இல் நெடுந்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலாக இசை ஓடியது. 1954இல் அமெரிக்கப் புத்தகக் கழகமொன்று, ஒரு பக்கத்தில் படைப்பும் மறுபக்கத்தில் அதன் விளக்கமுமாகத் தட்டுகளைத் தன் உறுப்பினர்களுக்கு அஞ்சலில் அனுப்பலாயிற்று.

அவ்வாண்டு நவம்பர் 14 அன்று லியோனார்டு பெர்ன்ஸ்டைன் தொலைக்காட்சியில் தோன்றினார். படப்பிடிப்புக் கூடத்தின் தரையில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதற்பக்கம் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது. வாத்தியக்காரர்கள் தத்தம் கருவிக்குரிய கோடுகளின்மேல் நின்றனர். காட்சி வியப்பைக் காட்டிலும் பெரிது அவர் அடுத்துச் செய்தது. பேத்தோவன் எழுதிப் பார்த்து ஒதுக்கிய வரைவுகளை எடுத்து, இசைக்குழுவுக்கு அமைத்து, அவை முதலில் எண்ணப்பட்ட இடத்திலேயே பொருத்தி வாசிக்கச் செய்தார். கேட்டவர் செவியே தீர்ப்பளித்தது. அவ்வரிகள் ஏன் நீக்கப்பட்டன என்பதற்குச் சொல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த உரை பின்னர் தட்டாகவும் வந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1973இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நார்ட்டன் இருக்கையில் அவர் அமர்ந்தார். அது கவிதைக்கான இருக்கை. டி. எஸ். எலியட்டும் போர்ஹேயும் உரையாற்றிய இடம்; இசையாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் அங்கே பேசியிருக்கிறார். பெர்ன்ஸ்டைனின் ஆறு உரைகளும் ஒளிப்பதிவு செய்யப்பட்டு 1976இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. நூலாகவும் இசைத்தட்டுகளாகவும், பின்னர் ஒளிநாடாக்களாகவும் பரவின. நோம் சாம்ஸ்கியின் மொழியியலைக் கொண்டு இசையின் இலக்கணத்தை அவர் விளக்க முற்பட்டதை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் அந்த வித்தே லெர்டால், ஜாக்கென்டாப் இருவரும் 1983இல் வெளியிட்ட இசையிலக்கண நூலுக்குத் தூண்டுதலாயிற்று.

கவிஞர்கள் கருதத்தக்க பகுதி இரண்டாம் உரையில் உள்ளது. மொசார்ட் 1788இல் இயற்றிய நாற்பதாம் சிம்பொனியின் தொடக்கத்தைப் பெர்ன்ஸ்டைன் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வோர் அடிக்கும் ஈடான அடியை வைத்துச் சமன் குலையாத நீண்ட வடிவமொன்றைத் தாமே அமைத்துக் காட்டுகிறார். பிழையேதும் இல்லை, உயிரும் இல்லை. அதை அவர் இசையின் உரைநடை என்கிறார். பிறகு அடிகள் நீங்குகின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, சமன் சாய்கிறது, மொசார்ட் வெளிப்படுகிறார். சொனாட்டா வடிவம் குறித்து நூறு பக்கம் படித்தாலும் கிட்டாத தெளிவு சில நிமிடங்களில் செவிக்கு வாய்க்கிறது. மொழியியல் வாதம் வீழ்ந்தாலும் இந்த நிமிடங்கள் வீழமாட்டா.

1990இல் தாமஸ் ராலின்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய டீச்சிங் கம்பெனி, உரைத்தொடர்களை நாடாக்களில் விற்றது. 1993இல் அதற்காக இசையமைப்பாளர் ராபர்ட் கிரீன்பர்க் நிகழ்த்திய தொடரில் நாற்பத்தெட்டு உரைகள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஆக முப்பத்தாறு மணி. காரோட்டியபடியே கேட்டு முடித்தவர்கள் பலர். கிரீன்பர்க்கின் நகைச்சுவையும் உரத்த குரலும் சிலரை விலக்கின, பெரும்பாலோரைக் கட்டிப்போட்டன. ஒரு துணுக்கை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, என்ன கேட்டோம் என்று விளக்கி, மறுபடி ஒலிக்கவிடும் அவர் முறையில் பயிற்சிக்குரிய பொறுமை உண்டு. கலைச்சொற்கள் மிகுதிதான், ஆனால் சொல்லுக்கு முன்போ பின்போ ஒலி வந்துவிடுகிறது. முழுப்படைப்பைக் கேட்பவரே தனியே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நாடாவில் ஒரு துணுக்கை மீண்டும் கேட்க முன்னும் பின்னும் ஓட்டித் தடுமாற வேண்டும். தட்டில் ஊசியைத் தூக்கி வைத்தவர்களுக்கு இருந்த வசதிகூட இல்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ரைட் நடத்திய வகுப்புகள் 2008இல் பதிவாகிப் பின் விலையின்றி உலகெங்கும் கிடைத்தன. இப்போது உரையும் முழுப்படைப்பும் ஒரே கருவியில் அருகருகே இருக்கின்றன. ஸ்கோல்ஸின் காகிதச் சுருளில் இருந்த நெருக்கம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. மொசார்ட்டின் நாற்பதாம் சிம்பொனி, நான்கு பகுதிகளும் சேர்ந்து, கிரீன்பர்க்கின் ஓர் உரையைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.