கேரம் டவுன்ஸில் செவ்வரத்தை

மெல்பர்ன் மாநகரின் தென்கிழக்கே, ஃபிராங்ஸ்டன் நகரசபையைச் சேர்ந்த கேரம் டவுன்ஸ் என்னும் ஊரைத் தமிழர் பெரும்பாலோர் அறிந்திருப்பது, 1994-இல் கும்பாபிஷேகம் கண்ட சிவா விஷ்ணு ஆலயத்தினால்தான். ஆயினும் கோபுரம் எழுவதற்கு முன்னரே அம்மண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பூனுரோங் பழங்குடியினர் மீனும் பறவையும் தேடித் திரிந்த பெருஞ் சதுப்பு நிலம் அப்பிரதேசத்தில் பரந்து கிடந்தது. அதை வெள்ளையர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாய் வெட்டி வடித்து விளைநிலமாக்கினர். பின்னர் உலகத்தைப் பீடித்த பொருளாதார மந்தத்தின்போது, வேலையிழந்த குடும்பங்கள் சிறு வீடும் தோட்டமும் பெற்றுத் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொள்ளும் பொருட்டு, ஜெரார்ட் டக்கர் என்னும் பாதிரியார் 1935-இல் அவ்விடத்தில் ஒரு குடியிருப்பை நிறுவினார். அவரே 1953-இல் தொடங்கிய 'சமாதானத்துக்கு உணவு' என்ற இயக்கம், இந்தியாவிலிருந்த ஒரு சிறு சுகாதாரப் பணிக்கு வாராவாரம் பணம் அனுப்பியது. இன்றைய ஆக்ஸ்ஃபாம் ஆஸ்திரேலியாவுக்கு அதுவே வித்து. நம்மவர் அங்கே குடியேறுமுன்பே அவ்வூர் நம் தேசத்தை நினைத்துக்கொண்டிருந்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரீதி.

வெள்ளையர் மட்டுமே வரலாம் என்ற கொள்கை 1973-இல் ஒழிந்த பின்னரும், 1983-ஆம் ஆண்டின் இலங்கைக் கலவரத்துக்குப் பின்னர் இன்னும் மிகுதியாகவும் வந்து சேர்ந்த தமிழர்கள், முருங்கையையும் கறிவேப்பிலையையும் போலவே செம்பருத்தியையும் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் அதைச் செவ்வரத்தை என்பர். மலேசியாவிலிருந்து வந்தவர்களுக்கோ அது 1960 முதல் தேசிய புஷ்பம். பருத்தியும் இதுவும் ஒரே குடும்பத்தின என்பதைத் தாவர சாஸ்திரிகள் சொல்லுமுன்பே நம் முன்னோர் பெயரிலேயே வைத்துவிட்டனர். டச்சுக்காரரான வான் ரீட் மலையாளக் கரையின் மூலிகைகளைத் தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலின் 1679-ஆம் ஆண்டுப் பகுதியில் 'ஷெம்பரிதி' என்றே இது பதிவாகியிருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சீனத்து ரோஜா என்று பொருள்படப் பெயர் சூட்டினார். நாமோ வான் ரீடின் பக்கமே.

இனி, பானத்தின் விஷயத்துக்கு வருவோம். கடைகளில் செம்பருத்தித் தேநீர் என்று பெட்டியில் விற்பது பெரும்பாலும் நம் வேலிச் செம்பருத்தியன்று. அது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ரோசெல்லா. நம் புளிச்சைக் கீரையின் நெருங்கிய சுற்றம். தெலுங்கர் கோங்குரா என்று போற்றுவதும் அதுவே. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புல்லியை உலர்த்தி, எகிப்திலும் சூடானிலும் கர்க்கடே என்றும், செனகலில் பிஸ்ஸாப் என்றும் காய்ச்சிக் குடிக்கின்றனர். ஜமைக்காவில் அது கிறிஸ்துமஸ் பானம். ஆஸ்திரேலியாவுக்கும் அது புதிதன்று. குவீன்ஸ்லாந்தில் 1892-இல் ரோசெல்லா ஜாம் செய்யும் இரண்டு தொழிற்சாலைகள் இருந்தன, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியும் நடந்தது. எனினும் பின்னர் அப்பயிர் நான்கே ஏக்கருக்குச் சுருங்கிப்போயிற்று. இலையைத் துவையலாக்கி உண்ட நாம் அதன் புல்லியை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டோம் என்பது சிறிது வெட்கத்துக்குரியதே.

நம் வீட்டுப் பானமோ இதழிலிருந்து வருவது. ஆனால் மெல்பர்னில் அவ்விதழ் எளிதில் கிட்டுவதன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் குளிரிலும் உறைபனியிலும் இலையுதிர்ந்து நிற்கும் செடியைத் தொட்டியில் வைத்து, வடக்கு நோக்கிய சுவரோரம் நிறுத்த வேண்டும்; பூகோளத்தின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், ஊரில் தெற்கு வெயிலை நம்பியவர்கள் இங்கே திசையையே மாற்றிப் பயிலவேண்டியிருக்கிறது. கோடையில் மலரும் சில பூக்களுள்ளும் முதற் பூ அம்பாளுக்கே. எஞ்சியவற்றின் இதழ்களை மட்டும் கிள்ளி, மகரந்தத் தண்டையும் பச்சைக் காம்பையும் நீக்கி, நிழலில் உலர்த்திச் சேர்த்துவைத்தால்தான் ஒரு செம்பு பானத்துக்குத் தேறும்.

செய்முறை சுருக்கமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஆளுக்கு நாலைந்து பூவின் இதழ் என்ற கணக்கில் இட்டு மூடிவைத்தால், நீர் கருநீலம் கலந்த ஊதாவாகிறது. வடிகட்டிப் பனங்கற்கண்டு சேர்த்து, ஆறியபின் எலுமிச்சை பிழிய, ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்பினால் தன் வர்ணத்தை மாற்றிக்கொண்டு, பாத்திரம் முழுவதும் ஒரு கணத்தில் செக்கச்செவேலென்று சிவந்துவிடுகிறது. கடைப் பெட்டியின் ரோசெல்லா பிறவியிலேயே புளிப்பாதலால் முதலிலேயே சிவந்திருக்கும்; எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் இந்த வேடிக்கையைக் காட்டாது. குவளையிலிருப்பது எந்தப் பூ என்று சந்தேகம் கொண்ட பாட்டிமார், பேரப்பிள்ளைகளை அருகழைத்துவைத்துக்கொண்டு முதலில் பிழிவது எலுமிச்சையைத்தான்.