ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையில் குருதித் தேவையை முன்கணித்தல்

பழுதடைந்த ஈரலை அகற்றி இன்னொருவருடைய ஈரலைப் பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு முன்னர், நோயாளிக்கு எத்தனை பைந்து செங்குழியமும் எவ்வளவு திரவவிழையமும் குருதிச்சிறுதட்டும் வேண்டியிருக்கும் என்று மதிப்பிடுவதே இக்கணிப்பு. குறைத்து மதிப்பிட்டால் சத்திரசிகிச்சை மேசையில் உயிராபத்து. கூட்டி மதிப்பிட்டால், பிரசவத்தில் இரத்தம் இழக்கும் தாய்க்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ போகவேண்டிய பைகள் ஒருவர் பெயரில் ஒதுக்கப்பட்டு முடங்கிக் கிடக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களில் இச்சத்திரசிகிச்சை நடப்பதில்லை. எனினும் கணிப்புக்கு அடிப்படையான எண்கள் பல, நோயாளி முதலில் காட்டச் செல்லும் மாவட்ட வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றை அங்கேயே திருத்தவும் முடியும்.

பின்னணி

மனிதரில் முதலாவது ஈரல் மாற்று 1963 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ரார்சல் தலைமையில் நடந்தது. நோயாளி மூன்று வயதுச் சிறுவன். இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் அவன் மேசையிலேயே இறந்தான். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சிகிச்சையும் இரத்த வங்கியின் இருப்பும் ஒன்றையொன்று துரத்தியபடியே இருந்தன. ஒரே நோயாளிக்கு நூறு பைந்துக்கு மேல் ஏற்றப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 1985இல் பிற்ஸ்பேர்க் நகர மயக்கமருந்து வைத்தியர்கள், இரத்தம் உறையும் விதத்தை வரைபடமாகக் காட்டும் திரொம்போஎலாஸ்ரோகிராபி கருவியைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, ஏற்றும் அளவை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைத்துக் காட்டினர். பெருஞ்சிரையை முழுதாக அடைக்காமல் ஈரலைப் பொருத்தும் முறை 1989இல் விவரிக்கப்பட்டது. இழந்த இரத்தத்தைக் கழுவித் திருப்பி ஏற்றும் இயந்திரமும் பரவலாகியது.

இலங்கையில் உறுப்பு மாற்றுக்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். ஈரல் மாற்று 2010களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ராகம, கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை இதில் முன்னின்ற நிலையங்களுள் ஒன்று. வடக்கிலிருந்து வரும் புகையிரதப் பாதையில், கொழும்புக்குச் சற்று முன்னே இருக்கிறது ராகம. வசதியுள்ளவர்களோ உறவினர் உதவி பெற்றவர்களோ சென்னைக்குச் செல்வதும் உண்டு. இலங்கையில் ஈரல் தழும்பேறிப் பழுதடையும் சிரோசிஸ் நோய்க்கு மதுவும் கொழுப்பு ஈரலுமே பெரும்பாலும் காரணம்; வைரஸ் ஈரல் அழற்சியின் பங்கு சிறிது. வன்னியில் மது என்று பேசும்போது கசிப்பு எனும் சட்டவிரோதச் சாராயத்தையும் சேர்த்தே பேசவேண்டும்.

எதைக்கொண்டு கணிப்பது

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ரொறன்ரோ குழு 2006இல் வெளியிட்ட மக்கிளஸ்கி சுட்டெண். முதல் 24 மணி நேரத்தில் ஆறு பைந்தோ அதற்கு மேலோ செங்குழியம் தேவைப்படுமா என்பதையே அது கணிக்கிறது. நாற்பதைத் தாண்டிய வயது, குறைந்த ஈமோகுளோபின், உயர்ந்த ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு), குறைந்த குருதிச்சிறுதட்டு, உயர்ந்த கிரியேற்றினின் (சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் அளவு), குறைந்த அல்புமின், இரண்டாம் முறை மாற்று ஆகிய ஏழும் அதன் உறுப்புகள். கடைசியைத் தவிர மற்றவை வயதும் சாதாரண இரத்தப் பரிசோதனைகளுந்தான்.

இவற்றுள் ஐ.என்.ஆர். குறித்து வைத்தியர்களிடையே நீண்ட வாதம் உண்டு. ஈரல் பழுதடையும்போது இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் மட்டுமல்ல, உறைதலைத் தடுக்கும் புரதங்களும் குறைகின்றன. ஆகவே ஐ.என்.ஆர். உயர்ந்திருந்தாலும், மெலிந்த ஒரு சமநிலையில் இரத்தம் உறையவே செய்கிறது. இத்தாலியரான திரிப்போடியும் மன்னுச்சியும் 2011இல் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. மொன்றியல் நகரின் ஒரு குழு இன்னும் ஒருபடி மேலே போனது. ஐ.என்.ஆரைச் சரிசெய்யவென்று திரவவிழையம் ஏற்றுவதை அவர்கள் நிறுத்தினர். அப்படி ஏற்றுவதால் குருதிக் கனவளவு கூடி, வாயிற்சிரையில் அழுத்தம் ஏறி, இரத்தம் இன்னும் பெருகுகிறது என்பது அவர்கள் வாதம். மைய நாள அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்து, பத்து நோயாளிகளில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு பைந்துகூட ஏற்றாமல் சத்திரசிகிச்சையை முடித்தனர். அவர்களுடைய தரவில் வலுவான முன்னறிகுறியாக நின்றது தொடக்க ஈமோகுளோபின்.

ஏனென்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 4.2 லீற்றர் இரத்தம் இருக்கும். செங்குழியப் பங்கு 21 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் ஏற்றுவோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 36 விழுக்காட்டோடு மேசைக்கு வந்தால் ஏறத்தாழ 2.2 லீற்றர் இழக்கும்வரை தாங்குவார். 27 விழுக்காட்டோடு வந்தால் ஒரு லீற்றரைச் சற்றுத் தாண்டும்போதே பைந்து தொங்கவிட வேண்டிவரும். சத்திரசிகிச்சை நிபுணரின் கை ஒன்றே, வெட்டும் ஒன்றே, தாங்குதிறன் பாதியாகிவிட்டது.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ செய்யக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிரோசிஸ் நோயாளியின் இரத்தச்சோகைக்கு உணவுக்குழாய் நாள வீக்கத்திலிருந்து கசியும் இரத்தம், இரும்புக் குறைபாடு, போலேற் குறைபாடு, வீங்கிய மண்ணீரல் எனப் பல காரணங்கள் உண்டு. மண்ணீரலை ஒன்றும் செய்ய இயலாது. இரும்பையும் போலேற்றையும் மாதக்கணக்கான காத்திருப்புக் காலத்தில் ஈடுசெய்யலாம். கசியும் நாளங்களை உள்நோக்கி வழியாகக் கட்டலாம். மஞ்சட்காமாலையால் உயிர்ச்சத்து கே குறைந்திருந்தால் ஊசிமூலம் கொடுக்கலாம். கிரியேற்றினின் விடயத்தில் வவுனியாவுக்குத் தனிக் கவனம் தேவை: காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் இம்மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது.

சூத்திரங்களின் எல்லை

ஓரிடத்தில் உருவான சுட்டெண் இன்னோரிடத்தில் தடுமாறுவது வழக்கம். இரத்தம் ஏற்றுவது ஓரளவு வைத்தியரின் பழக்கம் என்பதே இதற்கு முக்கிய காரணமென்று கொள்ளலாம். ஒருவர் ஈமோகுளோபின் 7க்கு இறங்கும்வரை பொறுப்பார். இன்னொருவர் 9இலேயே ஏற்றத் தொடங்குவார். சூத்திரம் நோயாளியின் உடலைக் கணிக்கும்போது அந்தக் கூடத்தின் வழக்கத்தையும் சேர்த்தே கணித்துவிடுகிறது. அண்மைக்காலத்தில் பழைய பதிவுகளைக் கொண்டு கணினியைப் பயிற்றும் இயந்திரக் கற்றல் முறைகள் பெருகியுள்ளன. அவை எண்களை நுட்பமாகக் கையாண்டாலும் இக்குறையிலிருந்து தப்பவில்லை.

முன்கூட்டி எந்தச் சூத்திரத்திலும் சரியாக அகப்படாதவையும் உண்டு. முந்தைய வயிற்றுச் சத்திரசிகிச்சையின் ஒட்டுகள் பழைய ஈரலைப் பிரித்தெடுக்கும்போது பெருமளவு இரத்தம் சிந்த வைக்கும். வன்னியில் போரின்போது வயிற்றில் எறிகணைச் சிதறல் பட்டு உயிர் தப்பியவர்களிடம் இதை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும். புதிய ஈரலுக்குள் இரத்தம் பாயவிட்டவுடன் உறைந்த கட்டிகள் கரையும் கட்டமும் வரக்கூடும். அப்போது கணிப்பை மூடிவைத்துவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் பரிசோதனையைப் பார்த்தே ஏற்றுகிறார்கள்.

இரத்த வங்கியின் பக்கம்

இலங்கையின் தேசிய குருதிமாற்றுச் சேவை நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. மாவட்ட வைத்தியசாலைகளின் இரத்த வங்கிகள் அதன் கிளைகள். குருதி முழுவதும் கைம்மாறு பெறாத தொண்டுக் கொடையாளரிடமிருந்தே வருகிறது. பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும் இரத்ததான முகாமே அதன் ஊற்று. செங்குழியத்தை 2 முதல் 6 பாகை செல்சியஸில், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். திரவவிழையம் உறைநிலையில் ஓராண்டு தாங்கும். குருதிச்சிறுதட்டுக்கோ அறை வெப்பநிலையில், ஓயாத அசைவில், ஐந்தே நாள். டெங்கு காலத்தில் அதற்குப் போட்டி கடுமையாகும். உயிருடனுள்ள உறவினர் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்கும்போது திகதி முன்பே தெரியும் என்பதால் முகாமையும் அதற்கேற்ப வைக்கலாம். மூளைச்சாவடைந்தவரிடமிருந்து ஈரல் கிடைக்கும் இரவில் அந்த வசதி இல்லை.

எத்தனை பைந்து என்பதோடு எப்படிப்பட்ட பைந்து என்பதும் கேள்வி. இலங்கையரில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே ஆர்எச் எதிர்வகையினர். அதைவிட மறைவானது முந்தைய குருதியேற்றம் விட்டுச்செல்லும் எதிர்ப்புரதம். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவரிடமும் பலமுறை கருவுற்ற பெண்களிடமும் இது உருவாகலாம். ஆண்டுகள் செல்ல அளவு குறைந்து பரிசோதனையில் தென்படாமற் போய், பொருந்தாத குருதி ஏறியதும் மீண்டும் கிளம்பும். போர் முடிந்த 2009க்கு முன் காயப்பட்டு இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் பலரிடம் அக்காலத்துச் சிகிச்சை அட்டை இராது, இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். ஆகவே எப்போது, எங்கே, எத்தனை முறை ஏற்றினார்கள் என்பதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் கேட்டு, ராகமவுக்கு அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிட்டால், அங்குள்ள இரத்த வங்கிக்குப் பொருத்தமான பைகளைத் தேட அவகாசம் கிடைக்கும்.