நரை, திரை, மூப்பு: ஒரு மலைத்தொடரின் இரு கனவுகள்

பழனி முருகனின் நவபாஷாணத் திருமேனியைச் சமைத்தவர் போகர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் பொதிந்திருப்பது மூப்பைக் குறித்த நம் பழைய விசாரம். நரை, திரை, மூப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போடும் முறையைச் சித்தர்கள் காயகற்பம் என்றனர். அச்சொல்லைக் கேட்டதும் இன்று லேகியமும் பஸ்பமுமே நினைவுக்கு வருகின்றன. மூச்சுப் பயிற்சியும் அளவான உணவும் பத்தியமும் அதில் சரிபாதி என்பதை மறந்துவிட்டோம். திருமந்திரம் உடலைப் பேணும் உபாயத்தை யோகம் பற்றிய மூன்றாம் தந்திரத்தில்தான் வைத்திருக்கிறது.

அதே மலைத்தொடரின் உச்சிக்கு, அதே ஆசையோடு வேறு சிலர் வந்தனர். மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். சமவெளியின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால நம்பிக்கை. கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897ல். காரணம் பிழையானாலும் குளிர்ந்த உயரம் அவர்களைக் காத்தது. ஏரி வந்தது; 1872ல் கோக்கர் நடைபாதையும் வந்தது. நடை அங்கே ஆரோக்கியத்தின் சடங்காயிற்று.

அந்த நடைபாதையை அடைய அவர்களில் பலர் நடக்கவில்லை. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலிகளிலும் நாற்காலிகளிலும் கூலியாட்கள் அவர்களைச் சுமந்து ஏற்றினர். மோட்டார் சாலை வந்தது அடுத்த நூற்றாண்டில்தான்.

உடலின் வயது பிறந்த தேதியோடு ஒத்துப்போக வேண்டியதில்லை என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. 2013ல் ஸ்டீவ் ஹோர்வாத், மரபணு இழையில் 353 இடங்களில் நிகழும் வேதி மாற்றங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் வந்த இத்தகைய கணிப்புகளில், புகைப்பவர்களின் உடல் அவர்களது ஆண்டுக்கணக்கை விட மூத்திருப்பது தெரிந்தது. உடலுழைப்போடு வாழ்பவர்களுக்கு முதுமை சற்று மெதுவாக வருவதாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் டோலி தூக்கியவர்களே நீண்ட இளமை பெற்றிருக்க வேண்டுமே? இக்கேள்வியை ஆய்வாளர்களும் சந்தித்தனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி இதயத்தைக் காக்கிறது. பிழைப்புக்காக நாள் முழுதும் பாரம் சுமப்பது அந்தப் பலனைத் தருவதில்லை, கேடாகவும் முடியலாம். இளைப்பாற நேரமில்லாத உழைப்பு உடலைச் செப்பனிட விடுவதில்லை. ஒரே சரிவு, ஒரே ஏற்றம். ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குத் தேய்மானம்.

பழனியில் இன்று இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்க, 693 படிகளை ஏறுபவர் தம் விருப்பத்தால் ஏறுகிறார். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து கொள்கிறார். உணவிலும் பழக்கங்களிலும் காக்கும் ஒழுங்கையே சித்தர் மரபு பத்தியம் என்றது. அந்தப் பத்தியத்தைக் கடைப்பிடிக்க வசதி வேண்டும். நல்ல பழக்கங்களைப் பிறருக்கு உபதேசிக்கும்போது நாம் மறப்பது இதைத்தான்.