லயக் காம்பரா: பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு குடித்தனம்

1/ ஒரு செடிக்கு வந்த நோய், ஒரு குடும்பம் எந்த நாட்டில் குடியிருக்கணும் என்று முடிவு செய்யுமா? செய்திருக்கிறது. நம்ம திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஜனங்களுக்குத்தான் அது நடந்தது. இலங்கை மலையகத்தில் குடியேறியவர்களின் வீட்டைப் பற்றிய நீண்ட இழை இது. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

2/ 19ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளில் ஆங்கிலேயர் முதலில் போட்டது தேயிலை இல்லை, காப்பி. பழம் பறிப்பு வருஷத்தில் சில மாசம்தான். அதனால் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியாக நடை. பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள்.

3/ அந்த நடைவழியில் காலரா, மலேரியா, பட்டினி. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குத் தோட்டம் தங்குமிடம் மட்டுமே. வீடு, பெண்டாட்டி பிள்ளை, குலசாமி எல்லாம் ஊரில்.

4/ 1869இல் காப்பி இலைகளில் துரு நிறத்தில் புள்ளிகள் வந்தன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. அடுத்த இருபது வருஷத்தில் காப்பித் தொழிலே படுத்துவிட்டது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். மற்ற தோட்டங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

5/ தேயிலைக்கு 'சீசன் முடிஞ்சுது, ஊருக்குப் போறேன்' என்பதெல்லாம் கிடையாது. பறித்த செடியில் ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி கொழுந்து வந்துவிடும். வருஷம் முழுக்கப் பறிக்கணும். அந்த வேலைக்குப் பெண்களை வைத்தார்கள், கூலியும் குறைவாகக் கொடுத்தார்கள். ஆக, தோட்டத்துக்கு இனி ஆள் போதாது, குடும்பம் வேணும்.

6/ ஆள் பிடிக்க வந்த கங்காணி பல நேரம் அதே ஊர்க்காரர், சில நேரம் சொந்தக்காரர். கையில் முன்பணம். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். போய் இறங்கும்போதே குடும்பம் கடனாளி. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் இந்தத் துண்டு முறை ஒழிந்தது.

7/ 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்குப் பிறகு வந்த குடும்பங்களுக்கு முதல் நிறுத்தம் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. அம்மைத் தடுப்பூசி போட்டு, சில நாள் கண்காணித்துத்தான் அனுப்புவார்கள்.

8/ சரி, போய்ச் சேர்ந்தாச்சு. வீடு?
வரிசையாகக் கட்டிய பத்துப் பன்னிரண்டு அறைகள். ஆங்கில 'லைன்' மக்கள் வாயில் 'லயம்' ஆனது. அறைக்குப் பெயர் காம்பரா. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு, அதாவது திண்ணை. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை லயம். அதில் பின்பக்கம் சன்னலுக்கே வழியில்லை.

9/ 120 சதுர அடி. அதிலேதான் அடுப்பு, விறகு, தாத்தா பாட்டி, புதுசா கல்யாணம் ஆனவங்க, கைக்குழந்தை எல்லாம். தனியாள் கூலி படுத்து எழுந்து போவதற்கென்று உருவான கட்டட முறை அது. ஆட்கள் போய்க் குடும்பங்கள் வந்த பிறகும் அதே அளவுகோல் தொடர்ந்தது.

10/ அந்த அறையைத்தான் நம்ம ஜனங்க வீடாக்கினார்கள். சாணி மெழுகி, கோலம் போட்டு, லயத்தோரம் கீரையும் காய்கறியும் வைத்து, மலைக்கு மலை மாரியம்மனைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். காமன் கூத்தும் ஊரிலிருந்து கூடவே போனது. சாதியும் போனது. எந்தச் சாதிக்கு எந்த லயம் என்ற பிரிவு அங்கேயும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

11/ இப்போ டாக்டரா பேசுறேன். வெயில் ஊரிலிருந்து வந்த உடம்பு. நுவரெலியா ஏறத்தாழ 6,000 அடி உயரம். குளிருக்குக் கதவை அடைத்தால் அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். திறந்தால் பிள்ளைக்குக் குளிர். நெரிசலில் ஒருத்தர் இருமினால் எல்லோருக்கும். நிமோனியா, காசநோய், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் இந்த அறை வசதியான இடம்.

12/ இதில் சத்தமே இல்லாமல் ஆளைத் தின்றது கொக்கிப்புழு. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமான, நிழலான மண்ணில் பொரிந்து, சில நாளில் தொற்றும் புழுவாகிவிடும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், நுரையீரல் வழியாகச் சுற்றிக் கடைசியில் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும்.

13/ லயத்தில் கக்கூஸ் இல்லை, இருந்தாலும் போதாது. ஒதுங்க இருந்த இடம் தேயிலைச் செடி மறைவு. நிழல், ஈரம், செருப்பில்லாத கால். புழுவுக்கு வேறென்ன வேணும்? ஏற்கெனவே அரைவயிறு சாப்பாடு, அடுத்தடுத்துப் பிரசவம். அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை எந்த அளவுக்கு இறங்கியிருக்கும் என்று யோசிங்க. மூச்சு வாங்குது, கொழுந்து எடை குறையுது. தோட்டத்துக் கணக்கில் அவள் 'சோம்பேறி'.

14/ 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. பரிசோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. தைமால், கீனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள். இரண்டும் குடித்தவரையே படுத்தியெடுக்கும் மருந்துகள். ஆனாலும் புழு விழுந்தது, ஆள் தெம்பானார். கொஞ்ச நாளில் புழு மறுபடி வந்தது.

15/ ஏன்? மருந்து வயிற்றைச் சுத்தம் பண்ணியது, மண்ணை இல்லை. மருந்துக்குச் சம்மதித்த பல தோட்ட நிர்வாகங்கள் கக்கூஸ் கட்டச் செலவு என்று தயங்கின. தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்கென்று 1872இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த நோயாளி திரும்பிப் போய்ப் படுப்பது அதே காம்பராவில்தான்.

16/ இன்றைக்கும் நாங்க ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் சேர்த்து எழுதுறோம். எழுதும்போது 'வீட்ல கழிப்பறை இருக்கா, செருப்பு போடுவீங்களா' என்று கேட்காவிட்டால், அந்தச் சீட்டு பாதிதான் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

17/ அந்த அறையில் இன்னொரு பெரிய ஓட்டை: அது அவர்களுடையது இல்லை. வேலை இருக்கும் வரைதான் கூரை. வேலையை விட்டு நிறுத்தினால் தெரு. வயசானால், பிள்ளைகளில் ஒருத்தராவது அதே தோட்டத்தில் பெயர் பதியணும். சொந்தமில்லாத சுவரில் யார் சன்னல் வைப்பார்கள், யார் கழிப்பறை கட்டுவார்கள்?

18/ 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கேட்டுவிட்டுப் பிரித்தார்களா? இல்லை.

19/ 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தோம். அவர்களில் பலர் பிறந்தது அந்தக் காம்பராவில்தான். அவர்களுக்கு இது வெளிநாடு. வந்து இறங்கியவர்களுக்கு முதலிடம் பல நேரம் அதே மண்டபம் முகாம். தாத்தா தடுப்பூசி போட்டுக்கொண்டு கப்பல் ஏறிய இடத்தில் பேரன் மூட்டையோடு இறங்கினான். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். மறுபடி மலை, மறுபடி கொழுந்து, மறுபடி தோட்டத்து வீடு. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சிலோன்காரங்க'.

20/ அங்கேயே இருந்துவிட்டவர்களில் குடியுரிமை இல்லாமல் மிஞ்சியவர்களுக்கு 2003இல் சட்டம் வழி செய்தது. சமீப காலத்தில் இந்திய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் நிலத்தில் தனி வீடுகள் எழும்புகின்றன. 7 பேர்ச் என்பது நம்ம கணக்கில் நாலு சென்ட்டுக்கும் கொஞ்சம் கூட. இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்களும் ஏராளம். நூறு வருஷத்துக்கு மேல் தேயிலை பறித்த வம்சத்துக்கு நாலு சென்ட்.

21/ உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கண்டி, ஹட்டன், பதுளை என்று பேச்செடுத்தால், கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. காம்பராவில் எத்தனை பேர் படுத்தாங்க, அடுப்பு எங்கே இருந்துச்சு, தண்ணி எங்கே பிடிச்சாங்க என்று கேளுங்க. கேட்டதை இங்கே எழுதுங்க, நானும் படிக்கிறேன்.