ஆற்றிலிருந்து அள்ளிய சூடு

உங்கள் வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டி அருகே எப்போதாவது நின்றிருக்கிறீர்களா? அனல் அடிக்கும். அறைக்குள் இருந்த சூட்டைத்தான் அது வாரிக்கொண்டு வந்து வெளியே கொட்டுகிறது. இப்போது அந்த ஏற்பாட்டை அப்படியே திருப்பிப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே உள்ள சூட்டை அள்ளி வீட்டுக்குள் கொட்டும். அவ்வளவுதான் ஹீட் பம்ப்.

'வெளியே பனி கொட்டுகிறது, அங்கே ஏதுய்யா சூடு?' என்பீர்கள். நியாயமான கேள்வி. ஜில்லென்ற காற்றிலும் ஆற்றுத் தண்ணீரிலும்கூட வெப்பம் ஒளிந்திருக்கிறது. நம் தோலுக்குத்தான் அது தெரியாது. மின்சாரம் அந்த வெப்பத்தை உண்டாக்க வேண்டியதில்லை; சுமந்து வந்தால் போதும். அதனால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கிறது.

கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? லண்டனில் மகனோ மகளோ குடித்தனம் நடத்துகிற வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பன்னெண்டாயிரம் பவுண்டு ஆகுமாம்பா' என்ற பெருமூச்சு போனில் வந்திருக்கும். கேஸ் பாய்லர் என்றால் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். 170 வருஷத்துப் பழைய யோசனைக்கு இன்னமும் இவ்வளவு விலையா? கதை கொஞ்சம் நீளம்.

1852. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சனுக்கு 28 வயது. பிற்காலத்தில் லார்ட் கெல்வின் ஆனவர். ஓர் இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கலாம், அதையே திருப்பினால் குளிர்விக்கவும் செய்யலாம் என்று எழுதினார். நிலக்கரியை நேரடியாக எரிப்பதைவிட மிகக் குறைந்த எரிபொருள் போதும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு கச்சிதம். ஆனால், பிரிட்டன் வீடுகளுக்கு அது தேவைப்படவில்லை. அறைக்கு ஒரு கணப்பு, காலடியில் மலிவான நிலக்கரி. மிச்சம் பிடிக்க யாருக்கு அவசரம்?

நிலக்கரி இல்லாதவர்களுக்குத்தான் அவசரம் இருந்தது. சுவிட்சர்லாந்தில் கரி முழுக்க இறக்குமதி. ஜூரிச் நகர மண்டபம் லிம்மாட் ஆற்றின் மேலேயே நிற்கிறது. 1938-ல் அந்த ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்து மண்டபத்தைச் சூடாக்கினார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் உழைத்தது அந்த இயந்திரம்.

பிரிட்டனில் துணிந்து இறங்கியவர்களில் ஒருவர் ஜான் சம்னர். நாரிச் நகரத்தின் மின் பொறியாளர். உலகப்போர் சமயம், புது இயந்திரம் கிடைக்காது. மனிதர் அசரவில்லை. பழைய பாகங்களைத் தேடிப் பிடித்துப் பூட்டி, வென்சம் ஆற்று நீரைக் கொண்டு 1945-ல் தன் துறையின் கட்டடத்தையே சூடாக்கினார். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கும் மேலே வெப்பம். கெல்வின் சொன்னது சரி என்று கையில் பிடித்துக் காட்டியாகிவிட்டது. அப்படியும் கூட்டம் சேரவில்லை.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. 1951-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குத் தேம்ஸ் நதியிலிருந்து சூடு எடுத்தார்கள். பம்ப்பை ஓட்ட எது தெரியுமா? ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்ததே, அந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்! நிலக்கரி வாயுவில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். அரங்கத்துக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாகவே சூடு கொடுத்தது. பணக்கணக்குதான் கட்டுபடியாகவில்லை. சில வருஷங்களில் கழற்றிவிட்டார்கள்.

பிறகு வடகடலில் எரிவாயு கிடைத்தது, 1965-ல். ஹீட் பம்ப்பின் விலைக் கதையில் முக்கியமான திருப்பம் இதுதான். புது வாயு பழைய அடுப்பில் எரியாது. 1967 முதல் 1977 வரை வீதி வீதியாக ஆள் அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் அடுப்பு, கணப்பு எல்லாவற்றையும் மாற்றினார்கள். வீட்டுக்காரருக்கு பில்? கிடையாது. அரசுக்குச் சொந்தமான எரிவாயுத் துறையே செலவை ஏற்றது.

அதே சமயத்தில் ஸ்வீடன் வேறு பக்கம் திரும்பியது. எண்ணெயை நம்பியிருந்த அந்த நாட்டை 1973 எண்ணெய் நெருக்கடி உலுக்கிவிட்டது. மின்சாரத்தைப் பெருக்கினார்கள். 1991-ல் கார்பன் வரியும் போட்டார்கள். எண்ணெய் எரிப்பது கட்டுபடியாகாமல் போனது. இன்று அங்கே தனி வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஹீட் பம்ப் ஓடுகிறது. பிரிட்டனைவிடக் கடுங்குளிர் ஊர் அது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'குளிரில் வேலை செய்யாது' என்பவர்களுக்கு இது போதும்.

சரி, அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு வருவோம். அது வெறும் பெட்டியின் விலை இல்லை. பாய்லர் 70 டிகிரியில் வெந்நீர் அனுப்பும். ஹீட் பம்ப்புக்கு 45, 50 டிகிரிதான் சௌகரியம். சூடு குறைந்தால் பரப்பு பெரிதாக வேண்டும். ஆகவே சில அறைகளில் ரேடியேட்டரை மாற்ற வேண்டும். வெந்நீரைச் சேமிக்க ஒரு தொட்டி. பல வீடுகளில் அதை வைத்திருந்த இடத்தில் எப்போதோ அலமாரி வந்துவிட்டது! குழாய் வேலை, மின்சார வேலை, எந்த அறையிலிருந்து எவ்வளவு சூடு கசிகிறது என்று அளக்கிற வேலை, ஆட்களுக்குப் பல நாள் கூலி. பிரிட்டன் அரசு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் 5,000 பவுண்டு மானியம் தர ஆரம்பித்து, 2023 அக்டோபரில் 7,500 ஆக்கியது. அது போக 4,500 கைக்காசு.

அதைப் போட்டால் மாத பில் குறையுமா? காமர்ஸ் படித்தவனுக்கு இங்கேதான் கை பரபரக்கிறது. 2025 நிலவரப்படி மின்சாரம் யூனிட் சுமார் 25 பென்ஸ், கேஸ் 6. பாய்லரில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட் சூடு 7 பென்ஸ். ஹீட் பம்ப்? அரசு செலவில் 700-க்கும் மேற்பட்ட வீடுகளில் பரிசோதித்தபோது ஒன்றுக்குச் சுமார் 2.8 மடங்கு கிடைத்தது. 25-ஐ 2.8-ஆல் வகுங்கள். 9 பென்ஸ்! வருஷத்துக்குப் பத்தாயிரம் யூனிட் சூடு வேண்டிய வீட்டில் 200 பவுண்டு கூடுதல்.

இயந்திரத்தின் மீது பழி போடாதீர்கள். கரண்டு பில்லில் சுமத்திய வரி வகையறாக்கள் கேஸ் பில்லைவிட அதிகம். ரேடியேட்டரை ஒழுங்காகப் பெரிதாக்கி, தண்ணீரின் சூட்டைத் தாழ்த்தி வைத்து 3.6 மடங்கு எடுத்துவிட்டால் இரண்டு பில்லும் சமம். ஆகவே, உங்கள் பிள்ளை விலைப்பட்டியல் வாங்கினால் கடைசித் தொகையைப் பார்ப்பதற்கு முன், 'எத்தனை டிகிரியில் ஓடும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். மலிவாக முடிப்பவர் பெரும்பாலும் பழைய ரேடியேட்டரையே விட்டுவிட்டு 55 என்பார்.

கேஸ் இணைப்பையே துண்டித்தால் நிலைக்கட்டணம் தினம் சுமார் 30 பென்ஸ் மிச்சம். வருஷத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல். ஆனால், சமையல் அடுப்பையும் கரண்டுக்கு மாற்ற வேண்டும். அது தனி பில்.