சுருட்டி வைத்த லேன் கேபிளால் ரவுட்டர், கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா? உண்மையான ஆபத்து எங்கே?

ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே 2 மீட்டர்தான் தூரம். வாங்கிய கேபிளோ 10 மீட்டர். மிச்சத்தைச் சுருட்டி, டேக் போட்டு, டேபிளுக்கு அடியில் தள்ளிவிடுவோம். உடனே யாராவது ஒருத்தர், "ஒயரைச் சுருட்டினா காயில் மாதிரி ஆகிடும், மெஷின் போயிடும்" என்று கிளப்பிவிடுவார். இது உண்மையா?

பயம் வந்த இடம் சரிதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரைச் சுருட்டியபடியே வைத்து அயர்ன் பாக்ஸோ ஹீட்டரோ போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் ஒயரின் மேலுறையே உருகலாம். தீ விபத்துகூட நடக்கும். ஆனால் லேன் கேபிள் கதை வேறு.

உள்ளே என்ன நடக்கிறது?

லேன் கேபிளை உரித்துப் பார்த்தால் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடிகளாக இருக்கும். ஜோடியில் ஒரு கம்பியில் போகும் அதே அளவு மின்சாரம், இன்னொன்றில் எதிர்த்திசையில் ஓடும். ஒன்று உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். பத்துச் சுற்று சுற்றினாலும் இதில் மாற்றமில்லை. சிக்னலின் வோல்டேஜே ஒன்றிரண்டு வோல்ட் அளவுதான். தவிர, ஒவ்வொரு லேன் போர்ட்டிலும் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்படும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பாக இருக்கிறது.

ஆகவே, சுருட்டுவதால் மெஷின் போகாது. இறுக்கி மடக்கினால் மட்டும் வேகம் போகும். மடிந்த இடத்தில் ஜோடிகளின் முறுக்கு கலைந்து, 1,000 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100தான் வரும். சுற்று, டீ கிளாஸ் வாய் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

சிசிடிவி கேமராவுக்கு இதே கேபிளில் பவரும் போகிறதா? அது சுமார் 48 வோல்ட். ஒரு கேமராவுக்குப் பிரச்னை இல்லை. பல கேபிள்களை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டினால் சூடு சேரும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் என்றால் இன்னும் மோசம். கடையில் முழுச் செம்பு கேபிளா என்று கேட்டே வாங்குங்கள்.

அப்போ எதற்குப் பயப்படணும்?

மின்னலுக்கு! மொட்டைமாடி வழியாகவோ, பக்கத்துக் கட்டடத்திலிருந்தோ வரும் லேன் கேபிள்தான் வில்லன். இடி நேராக விழ வேண்டும் என்றில்லை. அருகில் எங்காவது விழுந்தாலே கேபிளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படலாம். அந்த 1,500 வோல்ட் தடுப்பு இதற்குத் தாங்காது. ரவுட்டரில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர், ஸ்மார்ட் டிவி என லேன் கேபிளில் இணைந்த எல்லாமே காலியாகலாம்.

ஸ்விட்சை மட்டும் ஆஃப் செய்து பலனில்லை. பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றணும். அதுவும் வானம் இருட்டும்போதே. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு கேபிளைத் தொடவே கூடாது. ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் அந்த வழியில் ஆபத்து குறைவு. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரன்ட் பிளக்கில்தானே இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டும்.